கோ டு குற்றாலம்

தென்காசியில் பிறந்தவர்கள் குற்றாலத்துக்குப் போவதைக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. சாரல் பிடித்துவிட்டால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். நானும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் உத்தரவின் பேரில் போனது ஒரே ஒரு முறை. அப்போது எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. உத்தரவு போட்டவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். அவர் அதை இங்கிலீஷில் போட்டார் என்பதுதான் எல்லா வினைக்கும் காரணம்.

எங்கள் காலத்தில் ஆறாம் வகுப்பில்தான் இங்கிலீஷ் ஆரம்பிக்கும். எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் என் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. வீட்டில் சித்தி, பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் டீச்சர். இதில் நான் ஒரு நாளும் தவறியதில்லை. தவறினால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற பயம் ஒன்று. சித்திக்கு என்னைக் கண்டால் கூடுதல் கண்டிப்பு வரும் என்பது இன்னொன்று.

சித்தப்பா கல்யாணமான ஆறாம் மாதம் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனவர். முதல் வருஷம் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. அடுத்த வருஷம் தீபாவளிக்கு ஒன்று வந்தது. அதற்கப்புறம் அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல ஆள் இல்லை. சித்தி எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். டீச்சர் ட்ரெயினிங் முடித்திருந்ததால் பக்கத்துத் தெருப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக வேலை கிடைத்தது. மூன்று வருஷமாக அது தற்காலிகமாகவே இருந்தது.

சித்தியின் மாமனார் சங்கரன்கோயிலுக்கு அப்பால் திருவேங்கடத்துப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர்க்காரர். அந்த வருஷம் சித்திரையில் நேரில் வந்து அப்பாவிடம் முடிவாகப் பேசிவிட்டுப் போனார். வேலை நிரந்தரமாகிவிட்டால் மருமகள் இங்கேயே இருக்கட்டும், தடுக்கவில்லை. இல்லையென்றால் ஊருக்கு வந்து பருத்திக் காட்டைப் பார்க்கட்டும். கட்டிக்கொடுத்த பெண் அக்காள் வீட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பது யாருக்கும் கௌரவம் இல்லை. இதுதான் அவர் பேச்சு. அப்பாவால் மறுக்க முடியவில்லை. நிரந்தரமாவது இன்ஸ்பெக்டர் எழுதும் நாலு வரியில் இருந்தது. இதெல்லாம் பெரியவர்கள் அடுப்படியில் பேசிக்கொண்டது. பிள்ளைகளுக்குக் காது இருக்கிறது என்பது பெரியவர்களுக்கு எப்போதும் மறந்துபோகும்.

அந்தக் கோடை லீவில் சித்தி பாளையங்கோட்டையில் ஒரு மாதம் பயிற்சிக்குப் போய்வந்தாள். இங்கிலீஷைப் புது முறையில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. தமிழ் கூடாது, மனப்பாடம் கூடாது. டீச்சர் ஒன்றைச் சொன்னால் பிள்ளை அதைச் செய்ய வேண்டும், செய்துகொண்டே என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். முதல் சொல்லே ‘கோ’. ‘கோ டு தி டோர்’ என்பாள் சித்தி. நாங்கள் ‘ஐ ஆம் கோயிங் டு தி டோர்’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போய்க் கதவைக் கையால் தொட வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ‘ஷீ இஸ் கோயிங் டு தி டோர்’ என்பார்கள். அப்புறம் ‘கம் பேக்’. அந்தச் சொல் காதில் விழும்வரை தொட்ட கையை எடுக்கக் கூடாது. விழுந்ததும் ஒரு நொடி தாமதிக்கக் கூடாது.

ஒரு நாள் ஜன்னலுக்கு அனுப்பிய ஒருத்தியை மறந்துவிட்டுச் சித்தி கரும்பலகையில் எழுதப் போய்விட்டாள். மணி அடித்தது, நாங்கள் எல்லோரும் வெளியே ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள். சித்தி அவளைக் கட்டிக்கொண்டு, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வகுப்பு முழுவதற்கும் காட்டினாள். எனக்குப் பொறாமையில் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சித்தியிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் ஒரு பக்கத்தின் நடுவில் ‘கோ’ என்று எழுதி, அதைச் சுற்றிலும் வேறு சொற்களை எழுதியிருந்தாள். வாக், ரன், மார்ச், ஹாப், க்ரீப், ஸ்ட்ரோல், லிம்ப். சாயங்காலம் புறவாசலில் வைத்து எனக்கு ஒவ்வொன்றாக நடந்து காட்டுவாள். அம்மா கோயிலுக்குப் போவது வாக். போலீஸ்காரர்கள் போவது மார்ச். பாலுக்கு வரும் பூனை க்ரீப். சீசனுக்கு வந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு குற்றாலம் ரோட்டில் போகிறார்களே, அது ஸ்ட்ரோல். முள் குத்தினவர் போவது லிம்ப். தமிழில் இதெல்லாமே போறதுதானே என்று கேட்டேன். போறதுதான், ஆனால் ஒவ்வொருவர் போகும் விதமும் வேறு அல்லவா என்றாள். அந்த நேரத்தில்தான் சித்தி சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலும் நான் சும்மா இருக்கவில்லை. அடுப்படிக்குப் போனாலும் அறிவிப்பு, கிணற்றடிக்குப் போனாலும் அறிவிப்பு. அம்மா முதலில் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோயிங் என்றால் ‘போறேன்’ என்று ஒரு நாள் அர்த்தம் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. வீட்டை விட்டு இறங்கும்போது யாராவது வெறுமனே ‘போறேன்’ என்று சொல்வார்களா?

“ஏட்டி, விடிஞ்சு எந்திச்சா போறேன் போறேன்னு என்ன பேச்சு இது? போயிட்டு வாரேன்னு சொல்லு. இங்கிலீஷ்ல அதுக்கு ஒரு வார்த்தை கெடையாதா?”

கேள்வி எனக்குத்தான், ஆனால் பதில் சித்தியிடமிருந்து வந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான்க்கா அவியளும் கொழும்புக்குப் போனாவ.”

அம்மா அதற்கப்புறம் என் இங்கிலீஷில் தலையிடவில்லை.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இன்ஸ்பெக்ஷன் எப்போதும் சாரல் காலத்தில்தான் வரும். அது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வருஷமும் நல்ல சாரலில், மேற்கே மலை முழுவதும் மேகம் மூடிக் கிடந்த ஒரு நாளில் இன்ஸ்பெக்டர் காரில் வந்து இறங்கினார். பின் சீட்டில் ஒரு துண்டும் எண்ணெய்ப் புட்டியும் இருந்ததை நாங்கள் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

எங்கள் வகுப்புக்கு அவர் வந்தபோது மணி பதினொன்று இருக்கும். தலைமையாசிரியர் பின்னால் கைகட்டி நின்றார். சித்தி என்னைத்தான் எழுப்பினாள். சாக்பீஸை அவள் கையை விட்டுக் கீழே வைக்கவே இல்லை. கதவுக்குப் போனேன், வந்தேன். ஜன்னலுக்குப் போனேன், வந்தேன். மார்ச் செய்தேன், ஒற்றைக் காலில் ஹாப் செய்தேன். வகுப்பு பிசகாமல் கூடவே சொன்னது. இன்ஸ்பெக்டரின் தலை மெல்ல ஆட ஆரம்பித்ததும் தலைமையாசிரியர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. சித்தி ஒரு மூச்சை இழுத்து விட்டாள். முடிந்தது, சித்தி இனி எங்கேயும் போக வேண்டாம் என்று நான் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “கோ டு குற்றாலம்” என்றார்.

தலைமையாசிரியர் சத்தமாகச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரித்தால் அவர் சிரிப்பார். பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதுதான் நிஜப் பரீட்சை, இதற்கு முன் நடந்ததெல்லாம் சும்மா என்று தோன்றிவிட்டது. ‘ஐ ஆம் கோயிங் டு குற்றாலம்’ என்று சொல்லிவிட்டு நடந்தேன். கதவு நிலையைத் தாண்டும்போது வழக்கப்படி நாற்பது குரல்களும் ‘ஷீ இஸ் கோயிங் டு குற்றாலம்’ என்றன.

வராந்தாவின் கடைசிவரை காதைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் நடந்தேன். ‘கம் பேக்’ வரவில்லை. வாசல் கேட்டில் ஒரு முறை நின்றேன். அப்போதும் வரவில்லை. நான் வராந்தாவில் நிற்கிறேன் என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்தார்களாம். இன்ஸ்பெக்டர் வருகைப் பதிவேட்டைக் கேட்க, சித்தி அதைப் பிரித்து வைத்து அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் பாதியில் திரும்பினால் இன்ஸ்பெக்டர் தப்பு என்று எழுதுவார், சித்தி பருத்திக் காட்டுக்குப் போக வேண்டியதுதான். கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்தேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல். அதுவரை நான் அந்த ரோட்டில் தனியாக நடந்ததில்லை. ஊர் முடியும் இடம் வரை தெரிந்த முகம் ஏதாவது வந்து கையைப் பிடித்து இழுத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஊர் முடிந்தபிறகு ஒரு தெரிந்த முகமும் இல்லையே என்று பயமாக இருந்தது. சாரல் மண்டையை நனைத்துக் கழுத்தில் இறங்கியது. இரண்டு பக்கமும் மருத மரங்கள், மேலே குரங்குகள். வாய் மூடினால் பாடம் தவறிவிடும் என்பதால் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். குரங்குகளுக்குப் பயந்து ஓடிய இடத்தில் ‘ஐ ஆம் ரன்னிங்’ என்று மாற்றிக்கொண்டேன். காலில் சரளைக்கல் குத்தியபோது ‘லிம்பிங்’ என்றேன். நோட்டில் இருந்த சொல் ஒவ்வொன்றும் அந்த மூன்று மைலில் எனக்குப் பயன்பட்டது, ஸ்ட்ரோலைத் தவிர.

வைக்கோல் வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

“எங்கன போற, தனியா? யாரு வீட்டுப் பிள்ள நீ?”

பாடம் நடக்கும்போது தமிழ் பேசக் கூடாது. ‘ஐ ஆம் கோயிங் டு குற்றாலம்’ என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சீசனுக்கு வந்து தங்கியிருக்கும் யாரோ ஆபீசர் வீட்டுப் பிள்ளை என்று முடிவு செய்திருக்க வேண்டும். நமக்கேன் வம்பு என்று மாட்டைத் தட்டிவிட்டார். அவர் இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் நான் தமிழில் அழுதிருப்பேன், வண்டியில் ஏறி வீட்டுக்கும் போயிருப்பேன்.

குற்றாலம் நெருங்க நெருங்க எதிரே வந்தவர்கள் யாரும் குளித்தவர்களாகத் தெரியவில்லை. துண்டு மடித்தபடி தோளில் கிடந்தது. தண்ணீர் கூடிவிட்டது, குளிக்க விடவில்லை என்று பேசிக்கொண்டு போனார்கள். அருவிச் சத்தம் கடைத்தெருவுக்கு முன்னாலேயே கேட்டது. கிட்டப் போய்ப் பார்த்தபோது நான் எப்போதும் பார்க்கும் அருவியாக அது இல்லை. செம்மண் நிறத்தில் பாறை தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். காவல்காரர் மழைக்கு ஒதுங்கி ஒரு கடைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

அங்கே வந்தபிறகுதான் எனக்குப் பெரிய சந்தேகம் வந்தது. கதவுக்குப் போனால் கதவைத் தொட வேண்டும், ஜன்னலுக்குப் போனால் ஜன்னலை. குற்றாலத்துக்குப் போனால் எதைத் தொடுவது? கடையைத் தொட்டால் கடை, கோயில் சுவரைத் தொட்டால் கோயில். குற்றாலம் என்றால் அருவிதான். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு என்னைவிட ஒழுங்காக யோசித்தவர்கள் யாரும் இல்லை. நான் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன்.

படிகள் வழுக்கின. ஒவ்வொன்றாக இறங்கினேன். தண்ணீர்த் தூள் முகத்தில் அடித்ததில் கண்ணைத் திறக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசிப் படியில் தண்ணீர் கணுக்கால் வரை ஓடிக்கொண்டிருந்தது. காலை இழுத்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்துக் கையை நீட்டினால் தொட்டுவிடலாம். வலது காலைத் தூக்கினேன்.

“கம் பேக்.”

பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காத அந்த இரைச்சலில் அது எப்படி என் காதில் விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தூக்கிய காலைத் தண்ணீரில் வைக்காமல் அப்படியே திரும்பினேன். ஐந்தாறு படிக்கு மேலே, கயிற்றுக்கு உள்ளே சித்தி நின்றாள். புடவை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஓடி வந்து என்னைப் பிடிக்கவில்லை, என் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. வகுப்பில் நிற்பதுபோலவே ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கையில் சாக்பீஸ் நனைந்து குழைந்திருந்தது. வகுப்புக் குரலிலேயே இன்னொரு முறை சொன்னாள், “கம் பேக்.”

‘ஐ ஆம் கமிங் பேக்’ என்று சொல்லிக்கொண்டே படியேறினேன். என் கை அவள் கைக்கு எட்டியதும் அப்படியே இழுத்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். நான் நின்றிருந்த படி தண்ணீருக்குள் போயிருந்தது, அதற்கு மேல் படியும் தெரியவில்லை.

சித்தி அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காவல்காரர் ஓடிவந்து ஏதேதோ திட்டினார். அது அவள் காதில் ஏறவில்லை. நான்தான் மெல்லக் கேட்டேன், சரியாகச் செய்தேனா டீச்சர் என்று.

“சரியாத்தான் செஞ்ச,” என்றாள். பாடம் முடியுமுன் தமிழ் பேசியது அன்று அவள்தான், நான் இல்லை.

அவள் எப்படி வந்தாள் என்பதை அப்புறம் வகுப்புப் பிள்ளைகள் சொன்னார்கள். பதிவேட்டைக் காட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று என் இடத்தைப் பார்த்திருக்கிறாள். வராந்தாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அப்படியே கேட்டை நோக்கி ஓடியிருக்கிறாள். பியூனை அனுப்பலாம், இன்ஸ்பெக்ஷன் நடக்கிறது, உள்ளே வாருங்கள் என்று தலைமையாசிரியர் பின்னாலேயே வந்து சொல்லியிருக்கிறார். அவள் நிற்கவில்லை. பஜாரில் ஒரு குதிரை வண்டியை மறித்து ஏறியிருக்கிறாள்.

அதே குதிரை வண்டியில் நாங்கள் திரும்பும்போது மருத மரங்களுக்கு நடுவில் இன்ஸ்பெக்டரின் கார் குற்றாலத்தை நோக்கி எதிரே வந்தது. நான் எழுந்து நின்று சல்யூட் வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார். மழைக்காக ஏற்றினார் என்று நினைத்தேன்.

இருபது நாள் கழித்துத் தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் ஒரு காகிதத்தைக் காட்டினார். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது ஆசிரியை அனுமதியின்றி வகுப்பை விட்டு வெளியேறினார் என்று அதில் எழுதியிருந்ததாம். எதற்காக வெளியேறினாள் என்று எழுதவில்லை. குற்றாலத்துக்குப் போகச் சொன்னது யார் என்றும் எழுதவில்லை. வகுப்பில் நாற்பது பேர் கேட்டிருந்தோம், எங்களை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர்தானே சொன்னார் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். பெரிய மனிதர் விளையாட்டுக்குச் சொன்னதை வெளியில் பேசக் கூடாது என்று அப்பா என்னை அடக்கிவிட்டார். அம்மா என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காரணமில்லாமல் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அந்தக் காகிதத்தில் பெரிய அக்கறை இல்லை. நான் என் பரிசுக்காகக் காத்திருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவளையே கட்டிக்கொண்ட சித்தி, மூன்று மைல் போய்வந்த என்னை வகுப்பில் நிறுத்திப் பாராட்டுவாள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். ஆவணி பிறப்பதற்குள் சித்தி பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவள் மாமனார் வந்து இரண்டு நாள் தங்கினார்.

பஸ் ஸ்டாண்டில் சங்கரன்கோயில் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அங்கே இறங்கித் திருவேங்கடத்துக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும். மாமனார் ட்ரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நோட்டைச் சித்தி என் கையில் கொடுத்தாள். அம்மா அவள் கையை விடவில்லை. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறு என்று அழுதுகொண்டே கெஞ்சினாள். சித்தி அம்மாவின் கண்ணைத் துடைத்தாள். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. என் உயரத்துக்குக் குனிந்து, என்னிடம்தான் சொன்னாள்.

“ஐ ஆம் கோயிங்.”

எங்கே என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாக்கியம் முழுசாகும் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள். நான் மிச்சத்துக்குக் காத்திருந்தேன். அவள் ஏறிவிட்டாள்.

பஸ் நகர்ந்தது. எனக்குச் செய்ய வேண்டியது என்ன என்று நன்றாகத் தெரிந்தது. வகுப்புக் குரலில், தெளிவாக, “கம் பேக்” என்றேன். சித்தி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள், அது அவளுக்குக் கேட்டது. அன்று சாக்பீஸ் பிடித்திருந்த அந்தக் கையை வெளியே நீட்டினாள். பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்சதூரம் ஓடி இன்னும் இரண்டு முறை சொன்னேன். பஸ் திரும்பி மறைந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அருவித் தண்ணீரில் தூக்கிய காலை வைக்காமல் நான் திரும்பி வந்தேன். சட்டம் போட்ட டீச்சரே அதை மீறினால் எப்படி? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த என்னிடம் என்ன என்று அம்மா கேட்டாள்.

“சித்தி தப்பாச் செஞ்சிட்டா. கம் பேக்னு சொன்னா உடனே வரணும்லா?”

அம்மா நடுரோட்டில் நின்றாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தாள். பாவம், அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.